இன்டேக் வால்வு எப்போது மூடுகிறது? – இன்ஜின் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பவர் பற்றித்தான். சுற்றிச் சுற்றி எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அதனால் எல்லாப் பதில்களிலும் ஒரே இன்ஜினை வைத்துக் கணக்குச் சொல்கிறேன். நான்கு சிலிண்டர், போர் (சிலிண்டரின் விட்டம்) 80 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 80 மி.மீ., பிஸ்டனைக் கிராங்க் என்னும் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு 130 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு 402 சிசி, மொத்தம் 1608 சிசி. சிலிண்டருக்குக் காற்றை உள்ளே விட ஓர் இன்டேக் வால்வு, புகையை வெளியே விட ஓர் எக்ஸாஸ்ட் வால்வு. நான் முதன்முதலில் தனியாளாகப் பிரித்துக் கட்டிய இன்ஜின் இந்த அளவுதான். இன்றும் கண்ணை மூடிக்கொண்டு அதன் டைமிங் மார்க்கைத் தொட்டுக் காட்டுவேன்.

கேள்வி: என் 1600 சிசி பெட்ரோல் காரில் வால்வுகளைத் திறந்து மூடும் பழைய கேம் ஷாஃப்டை எடுத்துவிட்டு ரேஸ் கேம் போட்டேன். பழைய கேமில் இன்டேக் வால்வு, பிஸ்டன் உச்சிக்கு வர 12 டிகிரி இருக்கும்போது திறந்து, அடிக்கு வந்து 44 டிகிரி கழித்து மூடும். புதியதில் 34, 70. இப்போது நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு மேல் பறக்கிறது. 3000-க்குக் கீழே உயிரே இல்லை. ஐட்லிங்கில் குதிக்கிறது. பிரேக் பெடலும் கெட்டியாகிவிட்டது. கேம் கோளாறா?

முதலில் பிரேக். பெட்ரோல் காரின் பிரேக் பூஸ்டருக்குப் பலம் கொடுப்பது காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடம். நல்ல நிலையில் உள்ள சாதாரண இன்ஜின் ஐட்லிங்கில் பாதரசக் கணக்கில் 18 அங்குலம் அளவுக்கு வெற்றிடம் காட்டும். இப்படிப்பட்ட கேமில் அது பாதியாகக்கூடக் குறையலாம். வேக்குவம் கேஜ் மாட்டிப் பார்த்து, பிரேக்கைச் சரிசெய்யும் வரை அந்த வண்டியைத் தெருவில் எடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கேமில் கோளாறு இல்லை. அது வேறு ஒரு சுற்றுக்காகச் செதுக்கப்பட்ட கேம்.

பிஸ்டன் இறங்கும்போது இன்டேக் வால்வு திறக்கும், அடிக்கு வந்ததும் மூடும் என்றுதான் பாடப்புத்தகப் படம் காட்டும். உங்கள் பழைய கேமே அப்படி இல்லை என்பதைக் கவனியுங்கள். பிஸ்டன் அடியைத் தொட்டுவிட்டு மறுபடி மேலே ஏறத் தொடங்கி, கிராங்க் 44 டிகிரி சுற்றிய பிறகுதான் வால்வு மூடுகிறது. நம் கணக்கு இன்ஜினில் அதற்குள் பிஸ்டன் 8 மி.மீ. ஏறிவிடும், அதாவது ஸ்ட்ரோக்கில் பத்தில் ஒரு பங்கு. புது கேமில் 70 டிகிரி. அப்போது பிஸ்டன் ஏறியிருப்பது ஏறக்குறைய 21 மி.மீ. கால் பங்குக்கு மேல்!

பிஸ்டன் கால் தூரம் ஏறும்வரை கதவைத் திறந்து வைத்திருந்தால் உள்ளே வந்த காற்று வெளியே போகாதா? போகும், மெதுவாகச் சுற்றினால். அதுதான் 3000-க்குக் கீழே உங்கள் வண்டியில் நடக்கிறது. வேகமாகச் சுற்றினால் போகாது. 32 மி.மீ. விட்டமுள்ள இன்டேக் குழாயில், 6000 சுற்றில் காற்று சராசரியாக நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. பிஸ்டன் திரும்பி ஏறத் தொடங்கினாலும் அந்தப் பாய்ச்சல் சட்டென்று நிற்காது. பின்னால் வரும் காற்று முன்னால் இருப்பதைத் தள்ளிக்கொண்டு சிலிண்டருக்குள் நெருக்கியடித்து ஏறும். அந்த நேரத்தில் வால்வை மூடினால் நமக்குத்தான் நஷ்டம். 1500 சுற்றில் அதே குழாயில் வேகம் 25 மீட்டர்தான். வேகம் நாலில் ஒன்றானால் உந்துதல் பதினாறில் ஒன்றாகிவிடும். அந்த உந்துதலை வைத்துக்கொண்டு ஏறிவரும் பிஸ்டனை எதிர்த்து நிற்க முடியாது.

கம்ப்ரஷனையும் சேர்த்துப் பாருங்கள். இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம், அதாவது கலவை எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பது, 9.5 என்று வைப்போம். வால்வு மூடிய பிறகுதான் உண்மையான அழுத்தம் தொடங்குகிறது என்பதால், பழைய கேமில் நடைமுறையில் கிடைப்பது 8.6. புது கேமில் 7.3. ஒரு நட்டைக்கூடக் கழற்றாத பிளாக்கில், கம்ப்ரஷன் அவ்வளவு இறங்கிவிட்டது.

ஐட்லிங் குதிப்பதற்குக் காரணம் ஓவர்லாப். எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிவதற்குள் இன்டேக் வால்வு திறந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் மூடியிருக்கும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம், சைலன்சர் பக்கம் வெளிக்காற்றின் அழுத்தம். எரிந்த புகை எந்தப் பக்கம் போகும்? இன்டேக்குக்குள் பின்வாங்கி, அடுத்த முறை புதுக் கலவையோடு கலந்து உள்ளே வரும். அந்தக் கலவை ஒரு முறை பற்றும், ஒரு முறை பற்றாது. வெற்றிடம் குறைவதற்கும் இதுவே பெரிய காரணம்.

அட்ஜஸ்ட் செய்யக்கூடிய கேம் புல்லி இருந்தால் கேமை 4 டிகிரி முன்னால் தள்ளிப் பாருங்கள். இன்டேக் 70-க்குப் பதில் 66-இல் மூடும்; கீழ்ச் சுற்றில் கொஞ்சம் இழுவை திரும்பும். ஆனால் முன்னால் தள்ளினால் இன்டேக் வால்வு பிஸ்டனை இன்னும் நெருங்கும். சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் களிமண் போன்ற பிளாஸ்டிசின் ஒட்டி, பழைய கேஸ்கெட்டோடு பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி கழற்றி அது நசுங்கிய இடத்தின் கனத்தை அளந்து பாருங்கள். இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இல்லாமல் நான் இன்ஜினை மூடுவதில்லை.

தினமும் ஓட்டும் வண்டி என்றால் என் பதில் வேறு. பழைய கேமையே திரும்பப் போடுங்கள். தினசரி ஓட்டத்தில் நீங்கள் 5000 சுற்றுக்கு மேல் இருக்கும் நேரம் மிகக் குறைவு.

கேள்வி: டார்க் பெரிதா, பவர் பெரிதா?

இன்ஜின் தண்டைத் திருகும் விசையான டார்க்கைச் சுற்றால் பெருக்கினால் வருவதுதான் பவர். நியூட்டன் மீட்டரைச் சுற்றால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 3000 சுற்றில் 130 நியூட்டன் மீட்டர் இருந்தால் சுமார் 41 கிலோவாட். 6000 சுற்றில் டார்க் 120-ஆகக் குறைந்திருந்தாலும் 75 கிலோவாட். ரேஸ் கேம் செய்யும் வேலை இவ்வளவுதான்: சிலிண்டர் நன்றாக நிரம்பும் இடத்தைக் கீழ்ச் சுற்றிலிருந்து எடுத்து மேல் சுற்றுக்குக் கொண்டுபோகிறது. பெருக்கும் எண் அங்கே பெரிது என்பதால் பவர் கூடுகிறது.

கேள்வி: நான் ஆட்டோமொபைல் படிக்கும் மாணவி. இன்டேக் குழாய் நீளமாக இருந்தால் டார்க் கூடும் என்று வகுப்பில் சொன்னார்கள். நீளமான குழாயில் உராய்வுதானே கூடும்? காற்று எளிதாக வர, குட்டைக் குழாய்தானே நல்லது?

நல்ல சந்தேகம், அம்மா. உராய்வு கூடுவது உண்மைதான். ஆனால் குழாய்க்குள் காற்று ஓடுவது மட்டும் நடக்கவில்லை, அழுத்த அலையும் ஓடுகிறது. அதை விட்டுவிட்டால் இந்த விஷயம் புரியாது.

பிஸ்டன் வேகமாக இறங்கும்போது வால்வின் வாயில் அழுத்தம் சட்டென்று குறைகிறது. அந்தக் குறைவு ஓர் அலையாகக் குழாய்க்குள் வெளிப்பக்கம் நோக்கி ஓடும். அதன் வேகம் ஒலியின் வேகம், நொடிக்கு சுமார் 345 மீட்டர். குழாயின் திறந்த வாயை, அதாவது பிளீனம் என்று சொல்லும் பெரிய காற்றறையை அடைந்ததும் அது தலைகீழாகத் திரும்பும். போனது தாழ்ந்த அழுத்தம், திரும்பி வருவது உயர்ந்த அழுத்தம். இந்த உயர்ந்த அழுத்தம் வால்வு மூடுவதற்குள் வந்து சேர்ந்தால், கூடுதலாகக் காற்றைச் சிலிண்டருக்குள் திணிக்கும். டர்போ இல்லாமலே சிலிண்டர் தன் கொள்ளளவுக்கு மேல், நூறு சதவீதம் தாண்டி நிரம்புவது இப்படித்தான்.

நேரத்தைக் கணக்குப் போடுங்கள். வால்விலிருந்து பிளீனம் வரை 35 செ.மீ. என்றால் போய்வர 70 செ.மீ. அதற்கு 2 மில்லி நொடி. 6000 சுற்றில் ஒரு மில்லி நொடியில் கிராங்க் 36 டிகிரி சுற்றும். ஆக, அலை போய்த் திரும்புவதற்குள் கிராங்க் 73 டிகிரி திரும்பியிருக்கும். அதே குழாயில் 3000 சுற்றில் பாதிதான், 36 டிகிரி. அலை சீக்கிரமே வந்து, தேவைப்படும் நேரத்துக்கு முன்பே அடங்கிவிடும். 3000 சுற்றிலும் அது அதே கிராங்க் நிலையில் வந்து சேர வேண்டுமானால் குழாய் 70 செ.மீ. நீளம் வேண்டும். உங்கள் வகுப்பில் சொன்னதன் முழு அர்த்தம் இதுதான். நீளம் டார்க்கைப் புதிதாக உண்டாக்குவதில்லை. எந்தச் சுற்றில் உதவி வந்து சேர வேண்டும் என்பதைக் குறிக்கிறது.

இதை அப்படியே இரும்பில் செய்து காட்டியது 1960-இல் வந்த கிறைஸ்லர் 300எஃப். 413 கன அங்குல வி8 இன்ஜின். ஒவ்வொரு பக்கத்துச் சிலிண்டருக்கும் உரிய கார்புரேட்டரை எதிர்ப்பக்கத்தில் வைத்து, நடுவில் 30 அங்குல நீளக் குழாய்களைக் குறுக்காக ஓடவிட்டிருந்தார்கள். அதன் உச்ச டார்க் 2800 சுற்றில், பவர் 375 குதிரைத்திறன். நான் மேலே சொன்ன கணக்கை 30 அங்குலத்துக்குப் போட்டுப் பாருங்கள்: 2800 சுற்றில் அலை போய்வர 74 டிகிரி! அதே இன்ஜினுக்கு இன்னொரு மேனிஃபோல்டும் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும்; உள்ளே குழாய்களைப் பிரிக்கும் சுவரைப் பாதியில் நிறுத்தி, அலைக்குத் தெரியும் நீளத்தை 15 அங்குலமாக்கியிருந்தார்கள். பவர் 400 குதிரைத்திறனானது. உச்ச டார்க் 3600 சுற்றுக்கு ஏறியது, அளவில் கொஞ்சம் குறைந்தது. இந்த இரண்டு மேனிஃபோல்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் வரைந்து பாருங்கள். ஒரு பருவத்துப் பாடம் அதில் இருக்கிறது.

73-உம் 74-உம் எல்லா இன்ஜினுக்கும் பொருந்தும் மந்திர எண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கேம், ஹெட்டுக்குள் வால்வு வரை போகும் வழியான போர்ட்டின் அகலம், பிளீனத்தின் கொள்ளளவு எல்லாம் அதை நகர்த்தும். ஆனால் வடிவமைக்க உட்காரும்போது முதல் கோடு போட இந்தக் கணக்கு போதும். கேமும் குழாயும் ஒரே சுற்றைக் குறிவைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். 70 டிகிரியில் மூடும் கேமுக்கு 3000 சுற்றுக்கான நீளக் குழாய் போட்டால் ஒன்று கொடுப்பதை இன்னொன்று கெடுக்கும்.

நீளத்தையே ஓட்டத்தின்போது மாற்றினால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். செய்திருக்கிறார்கள். 1991-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி-யில், சுற்றுக்கு ஏற்ப இன்டேக் குழாய்கள் நீண்டு சுருங்கும். அது பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின். கேமும் கிடையாது, வால்வும் கிடையாது. அதற்கே அலை இவ்வளவு முக்கியமாக இருந்திருக்கிறது.

கேள்வி: ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் பவர் கூடுமா?

போகாதீர்கள் அந்தப் பக்கம். சுத்தமான ஃபில்டர் தடுப்பது மிகக் கொஞ்சம். உள்ளே போகும் மணல் துகள் சிலிண்டர் சுவரைத் தேய்ப்பது நிரந்தரம். அதைவிட ஃபில்டர் காற்றை எங்கிருந்து இழுக்கிறது என்று பாருங்கள். பானெட்டுக்குள் சூடான இடத்திலிருந்து இழுத்தால், ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கும் காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும்.

கேள்வி: டைமிங் பெல்ட் மாற்றியதிலிருந்து வண்டி மேட்டில் சோம்பலாக ஏறுகிறது. மைலேஜும் குறைந்துவிட்டது. புது பெல்ட் செட்டாகக் கொஞ்ச நாளாகும் என்கிறார் மெக்கானிக். காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். கிராங்கோடு கேமைச் சுற்ற வைக்கும் பெல்ட் அது; செட்டாவதற்கு நாளெல்லாம் ஆகாது. ஒரு பல் தள்ளி மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு பல்தானே என்று தோன்றும். கேம் புல்லியில் 40 பல், கிராங்க் புல்லியில் 20 பல் என்று வைப்போம். ஒரு பல் என்பது கேமில் 9 டிகிரி. கேம் பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்க் கணக்கில் 18 டிகிரி. 44-இல் மூட வேண்டிய இன்டேக் வால்வு 62-இல் மூடுகிறது. அதற்குள் பிஸ்டன் 8 மி.மீ.-க்குப் பதிலாக 16 மி.மீ. ஏறிவிடும். முதல் கேள்வி கேட்டவர் வேண்டுமென்றே மாட்டிக்கொண்டதில் பெரும்பகுதி உங்களுக்குத் தெரியாமலே உங்கள் வண்டியில் நடக்கிறது.

நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் இதே தவறைச் செய்தேன். கிராங்க் புல்லியில் பக்கத்து பக்கத்தில் இரண்டு மார்க் இருந்தன. ஒன்று இக்னிஷனுக்கு, ஒன்று கேமுக்கு. மாற்றிப் பார்த்துவிட்டேன். வண்டிக்காரர் மூன்று முறை திரும்பி வந்தார். மூன்று முறையும் பிளக்கை மாற்றினேன், கார்புரேட்டரைக் கழுவினேன், பெட்ரோல் சரியில்லை என்றேன். நான்காவது முறை என் மாஸ்டர் எதையும் கழற்றவில்லை. கம்ப்ரஷன் கேஜை எடுத்து நான்கு சிலிண்டரையும் பார்த்தார். நான்கும் குறைவு, நான்கும் ஒரே அளவு. “ரிங் தேய்ந்தாலும் வால்வு ஒழுகினாலும் நாலும் ஒரே மாதிரி காட்டாது, தம்பி. நாலுக்கும் பொதுவான பொருள் எது?” என்று கேட்டார். கேம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. அந்த வண்டிக்காரர் மூன்று முறை செலவழித்த நாட்கள் இன்னும் எனக்கு உறுத்தல்தான். அதனால்தான் உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் இந்த இதழிலேயே பதில் எழுதுகிறேன்.

நீங்களும் அதையே செய்யச் சொல்லுங்கள். முதலில் கம்ப்ரஷன். நான்கும் சமமாகக் குறைந்திருந்தால் கவரைக் கழற்றி, முதல் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவந்து மார்க் பார்க்க வேண்டும். சரிசெய்த பிறகு ஸ்டார்ட்டரைத் தொடாமல், ஸ்பேனரால் கிராங்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, மார்க்குகள் மறுபடி ஒன்றாக வந்து நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சில இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை வேறு வேறு நேரத்தில் பயன்படுத்துகின்றன. அவற்றில் பல் தவறினால் சோம்பல் மட்டும் வராது, வால்வு வளைந்துவிடும்.

மார்க் சரியாக இருந்தும் சோம்பல் போகவில்லையா? ஹெட்டை எப்போதாவது சமதளம் செய்யச் செதுக்கினார்களா என்று கேளுங்கள். ஹெட் அரை மி.மீ. இறங்கினால் கேமுக்கும் கிராங்குக்கும் இடையிலான தூரம் குறைந்து, கேம் கிராங்க் கணக்கில் சுமார் 1 டிகிரி பின்தங்கும். சிறியதுதான், பல முறை செதுக்கிய ஹெட்டில் கூட்டிப் பார்க்க வேண்டியது.

கேள்வி: இன்டேக் போர்ட்டைக் கண்ணாடி போலப் பாலிஷ் செய்து தருகிறேன் என்கிறார் ஒருவர். செய்யலாமா?

பளபளப்புக்காகச் செய்ய வேண்டாம். கார்புரேட்டரிலும் போர்ட்டில் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜினிலும், வழவழப்பான சுவரில் பெட்ரோல் படலமாக ஒட்டி வழியும். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் அது மறுபடி காற்றோடு கலக்க உதவும்.

காற்று உண்மையில் திணறுவது வால்வுக்குச் சற்று முன்னால், போர்ட் சட்டென்று வளையும் உள்வளைவில். அங்கே கூர்மையாக இருந்தால் காற்று சுவரை விட்டு விலகிப்போகும். அந்த வளைவை மென்மையாக்குவது, மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே கேஸ்கெட் விளிம்பு துருத்தாமல் பார்ப்பது, 45 டிகிரி வால்வு சீட்டுக்கு மேலும் கீழும் 30, 60 டிகிரியில் வெட்டுவது ஆகிய மூன்றுக்கும் கூலி கொடுங்கள். போர்ட்டை ஒட்டுமொத்தமாக அகலமாக்கச் சொல்லாதீர்கள். அகலம் கூடினால் காற்றின் வேகம் குறையும். முதல் பதிலில் சொன்ன உந்துதல் போய்விடும்.

வால்வு எவ்வளவு உயர வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 38 மி.மீ. வால்வு 9.5 மி.மீ., அதாவது விட்டத்தில் கால் பங்கு உயர்ந்தால், சுற்றிலும் திறக்கும் வழியும் வால்வின் வட்டப் பரப்பும் சமமாகிவிடும். அதற்கு மேல் உயர்த்துவதில் பலன் குறைந்துகொண்டே போகும். ஸ்பிரிங்குக்குப் பாடு கூடிக்கொண்டே போகும்.

கேள்வி: இப்போதைய கார்களில் வால்வு டைமிங்கைக் கம்ப்யூட்டரே மாற்றுகிறது. அப்படியானால் ஒரு கேமையே எல்லாச் சுற்றுக்கும் பயன்படுத்தலாமா? மைலேஜ் கார்களில் வால்வைத் தாமதமாக மூடுகிறார்களாமே, அது பவரைக் குறைக்காதா?

பெருமளவு பயன்படுத்தலாம். தயாரிப்புக் காரில் டைமிங்கை மாற்றும் ஏற்பாட்டை முதலில் கொண்டுவந்தது 1980-இல் ஆல்ஃபா ரோமியோ. கேமை முன்னும் பின்னும் திருப்பினால் மூடும் நேரம் நகரும். ஆனால் வால்வு திறந்திருக்கும் மொத்த நேரம் மாறாது. அதையும் மாற்ற ஹோண்டா வேறு வழி எடுத்தது. 1989-இல் இன்டெக்ராவில் வந்த வி-டெக் இன்ஜினில் ஒரே ஷாஃப்டில் வால்வைத் தள்ளும் முட்டை வடிவ மேடுகள் இரண்டு வகை. கீழ்ச் சுற்றில் சின்னது வேலை செய்யும். சுற்று ஏறியதும் ஆயில் அழுத்தம் ஒரு ஊசியைத் தள்ளி வால்வை அழுத்தும் ராக்கர்களைப் பூட்ட, பெரியது வேலைக்கு வரும். 1595 சிசியில், 7600 சுற்றில் 160 குதிரைத்திறன், டர்போ இல்லாமல். முதல் கேள்விக்காரர் ஒரே கேமில் தேடியதை இதில் இரண்டு கேமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இந்த ஏற்பாடுகளுக்கு உயிர் இன்ஜின் ஆயில்தான். ஆயில் மாற்றத் தாமதித்தால் முதலில் திணறுவது இவைதான்.

மைலேஜ் கேள்விக்கு வருகிறேன். ஆம், பவர் குறையும், தெரிந்தேதான் குறைக்கிறார்கள். 1997-இல் வந்த முதல் டொயோட்டா பிரியஸ் 1500 சிசி. கொடுத்தது வெறும் 58 குதிரைத்திறன். இன்டேக் வால்வு மிகத் தாமதமாக மூடுவதால், இழுத்த காற்றில் ஒரு பங்கை மேனிஃபோல்டுக்கே திருப்பி அனுப்புகிறது. உள்ளே மீந்த கொஞ்சக் கலவை எரியும்போது, அது விரிவதற்கு மட்டும் முழு ஸ்ட்ரோக்கும் கிடைக்கிறது. அழுத்துவது குறைந்த தூரம், விரிவது நீண்ட தூரம். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூட்டில் ஒரு பகுதி இப்படி வேலையாக மாறுகிறது. அழுத்தும் தூரத்தைவிட விரியும் தூரத்தைக் கூட்டும் இந்த யோசனை ஜேம்ஸ் அட்கின்சனுடையது. 1880-களில் அதற்காகச் சிக்கலான கிராங்க் அமைப்பே செய்திருந்தார். இன்று வால்வு மூடும் நேரத்தை மாற்றினாலே அது கிடைத்துவிடுகிறது. கீழ்ச் சுற்றில் அதனால் போகும் டார்க்கை, நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கொடுக்கும் மின்மோட்டார் ஈடுகட்டுகிறது.